சுவரில் பட்டுத் திரும்பும் பந்து: தூரக் கணக்குகளை எப்படிச் சொல்லித் தருவது?

எழுதியவர்: ஆயர் ஈத்தாம் தாய், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். என் மகன் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கிறான். தமிழ்ப்பள்ளியில் இருந்தபோதே கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளை. முக்கோணத்தை வரைந்து இரு பக்கங்களின் நீளத்தைக் கொடுத்துவிட்டால் பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தி மூன்றாவது பக்கத்தை உடனே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் அதே தேற்றம் ஒரு விளையாட்டைப் பற்றிய கதைக்குள் ஒளிந்துகொண்டு, பந்து சுவரில் மோதித் திரும்பியது, தரையில் எம்பியது என்று நான்கைந்து வரிகளில் வந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறான்.

அவன் பயிற்சி நூலில் உள்ள ஒரு கணக்கைக் கீழே தருகிறேன்.

"ஸ்குவாஷ் ஆடுகளத்தின் அகலம் 6.4 மீட்டர். ஆட்டக்காரர் ஒருவர் முன்சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவிலும் இடப்பக்கச் சுவரிலிருந்து 1.2 மீட்டர் தொலைவிலும் நிற்கிறார். அவருடைய தோழர் முன்சுவரிலிருந்து 3 மீட்டர், இடப்பக்கச் சுவரிலிருந்து 5.2 மீட்டர் தொலைவில் நிற்கிறார். முன்சுவரில் பட்ட பந்து சம கோணத்தில் திரும்பித் தோழரைச் சென்றடைகிறது. மேலிருந்து பார்க்கும்போது பந்து கடந்த மொத்தத் தூரம் எவ்வளவு? சுவரில் அது எங்கே பட்டது?"

இருவருக்கும் இடையே பக்கவாட்டில் 4 மீட்டர் இருப்பதால் பந்து சுவரில் படும் இடம் அதன் நடுவே, அதாவது 2 மீட்டரில் இருக்கும் என்று என் மகன் எடுத்துக்கொண்டான். பிறகு இரண்டு செங்கோண முக்கோணங்களை வரைந்து 5.39, 3.61 என்று கண்டு, கூட்டி, 8.99 மீட்டர் என்று எழுதினான். நூலின் பின்பக்கத்தில் உள்ள விடையோ 8.94. ஐந்து சென்டிமீட்டர்தானே வேறுபாடு, தசம இடங்களைச் சுருக்கியதால் வந்திருக்கும் என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் என்று அவனுக்கு விளக்கவும் முடியவில்லை.

இன்னொரு கணக்கு இது: 2.4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து ஒவ்வொரு முறையும் முந்தைய உயரத்தில் பாதிக்கு எம்புகிறது. அது நான்காவது முறை தரையைத் தொடும்வரை கடந்த தூரம் என்ன? இவன் 4.5 மீட்டர் என்று எழுதினான், நூலில் 6.6 மீட்டர் என்று இருக்கிறது.

சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இப்படிப்பட்ட கதைக் கணக்குகளை அவன் தானாகவே அணுகும்படி எப்படிப் பழக்குவது என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.


எழுதியவர்: செந்தூல் ஆசிரியர், கோலாலம்பூர் (பணி ஓய்வு)

வணக்கம் அம்மா. உங்கள் ஐயம் சரியானது. 8.99க்கும் 8.94க்கும் உள்ள வேறுபாடு தசமத்தைச் சுருக்கியதால் வந்ததன்று. பிள்ளை போட்ட பிதாகரஸ் கணக்குகள் இரண்டும் பிழையற்றவை. தவறு அவற்றுக்கு முன்பே நடந்துவிட்டது. பந்து நடுவில்தான் படும் என்று கணக்கு எங்கும் சொல்லவில்லை, அது அவனாகச் சேர்த்துக்கொண்ட செய்தி. விடை ஏறத்தாழப் பொருந்தியதால் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இதை அவனிடம் பொறுமையாகக் காட்டுங்கள், ஏனெனில் இந்த வகைக் கணக்குகளில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது.

முதலில் அவனுடைய படத்திலேயே கோணங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். பந்து நடுவில் பட்டால், வரும்போது 2 மீட்டர் பக்கவாட்டில் நகர்வதற்குள் சுவரை நோக்கி 5 மீட்டர் வருகிறது. போகும்போது அதே 2 மீட்டர் நகர்வதற்குள் சுவரைவிட்டு 3 மீட்டர்தான் செல்கிறது. 5க்கு 2, 3க்கு 2 என்ற விகிதங்கள் சமமில்லாததால் கோணங்களும் சமமில்லை. ஆனால் கணக்கில் "சம கோணத்தில் திரும்பி" என்று தெளிவாக இருக்கிறது. முழுக் கணக்குக்கும் திறவுகோலாக உள்ள தொடர் அதுதான்; வாசித்தவுடன் அதன் கீழ் கோடு போடும் பழக்கம் அவனுக்கு வரவேண்டும்.

இனி வழிமுறையைச் சொல்கிறேன். ஆட்டக்காரரை அ என்றும் தோழரை ஆ என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முன்சுவரை ஒரு நேர்கோடாக வரையுங்கள். தோழர் சுவருக்கு முன்னால் 3 மீட்டரில் இருக்கிறார். சுவருக்குப் பின்னால், அதே நேரில், 3 மீட்டரில் இன்னொரு புள்ளியைக் குறியுங்கள். அது ஆவின் பிரதிபலிப்பு. இப்போது அவிலிருந்து அந்தப் பிரதிபலிப்புக்கு அளவுகோலை வைத்து ஒரே நேர்கோடு இழுங்கள். அந்தக் கோடு சுவரை எங்கே வெட்டுகிறதோ, பந்து பட்ட இடம் அதுவே. நேர்கோட்டின் நீளமே பந்து கடந்த தூரம்.

சுவருக்குச் செங்குத்தாக 5உம் 3உம் சேர்ந்து 8 மீட்டர். பக்கவாட்டில் 4 மீட்டர். ஆகவே தூரம் 64 + 16 = 80இன் வர்க்கமூலம், அதாவது 8.94 மீட்டர். இரண்டு முக்கோணம் தேவையில்லை, ஒன்றே போதும். படும் இடத்துக்கு வடிவொத்த முக்கோணங்கள் உதவும்: மொத்தம் 8 மீட்டரில் 5 மீட்டரைக் கடக்கும்போது பந்து சுவரைத் தொடுவதால், பக்கவாட்டு 4 மீட்டரில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 2.5 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆட்டக்காரர் நிற்கும் 1.2 மீட்டரையும் சேர்த்தால் இடப்பக்கச் சுவரிலிருந்து 3.7 மீட்டர். சோதித்துப் பாருங்கள்: 5க்கு 2.5, 3க்கு 1.5, இரண்டும் 2. கோணங்கள் சமம்.

ஏன் தோழரைச் சுவருக்கு அப்பால் வைக்கலாம் என்று பிள்ளை கேட்கவேண்டும், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். சுவரைத் தொட்ட புள்ளியிலிருந்து ஆவுக்கு உள்ள தூரமும் அதன் பிரதிபலிப்புக்கு உள்ள தூரமும் ஒன்றுதான், ஏனெனில் சுவர் அந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டைச் செங்கோணத்தில் சரிபாதியாக வெட்டுகிறது. தூரம் மாறாமல் பாதை மட்டும் நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்ந்த பாதையில் எதிர்க்கோணங்கள் சமம் என்பதால், மடங்கிய பாதையில் படுகோணமும் திரும்பும் கோணமும் சமமாகின்றன. மலேசியப் பாடத்திட்டத்தில் பிதாகரஸ் தேற்றம் படிவம் ஒன்றிலும் பிரதிபலிப்பு படிவம் இரண்டிலும் வந்துவிடுகின்றன. இரண்டையும் தனித்தனி அதிகாரங்களாகப் படித்துத் தேர்வு எழுதிவிட்ட பிள்ளைகளுக்கு, அவை ஒரே கணக்கில் சந்திக்கும் என்று யாரும் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பிள்ளையின் விடை ஏன் கூடுதலாக வந்தது, குறைவாக ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. சுவரில் வேறு எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அவிலிருந்து பிரதிபலிப்புக்குச் செல்லும் பாதை கோணலாகிவிடும். கோணல் பாதை நேர்கோட்டைவிட எப்போதும் நீளம். எனவே 8.94 என்பது சாத்தியமான மிகக் குறைந்த தூரம். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதை இந்தக் குறுகிய பாதை வழியே விளக்கியவர் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியாவின் ஹெரான். பள்ளி விளையாட்டு நாளில் "அவிலிருந்து ஓடிச் சுவரைத் தொட்டுவிட்டு ஆவை அடையவேண்டும், எங்கே தொட்டால் ஓட்டம் குறையும்" என்று ஒரு போட்டி வைத்தால் அதற்கும் இதே 3.7 மீட்டர்தான் விடை. கணக்கில் பந்து என்ற சொல்லே இல்லாமல் "மிகக் குறைந்த தூரம்" என்று மட்டும் வந்தாலும், சுவருக்குப் பின்னால் புள்ளி வைக்கத் தோன்றவேண்டும்.

எம்பும் பந்தின் கணக்கில் சிக்கல் வேறு. 2.4, 1.2, 0.6, 0.3 என்று உயரங்களைச் சரியாகக் கண்டு அவற்றைக் கூட்டி 4.5 என்று எழுதியிருக்கிறான். முதல் வீழ்ச்சி மட்டுமே ஒருவழிப் பயணம். அதன்பின் ஒவ்வொரு உயரத்தையும் பந்து ஏறவும் இறங்கவும் செய்கிறது. ஆகவே 2.4 + 2 × (1.2 + 0.6 + 0.3) = 6.6 மீட்டர். தரையை ஒரு கோடாக வரைந்து, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் தனித்தனி அம்புக்குறிகள் போட்டு, தரையைத் தொடும் இடங்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்தால் இந்தத் தவறு வராது. எத்தனையாவது தொடுகையில் நிறுத்துகிறோம் என்பதையும் அந்த எண்களே காட்டிவிடும்.

பந்து முடிவில்லாமல் எம்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்டால் தடுக்காதீர்கள். மொத்தத் தூரம் 7.2 மீட்டரை நெருங்கிக்கொண்டே போகும், ஒருநாளும் தாண்டாது. படிவம் நான்கின் கூடுதல் கணிதத்தில் பெருக்குத் தொடரைப் படிக்கும்போது அது அவனுக்கு உதவும்.


எழுதியவர்: குளுகோர் பயிற்றுநர், பினாங்கு

வணக்கம். இங்கே பிள்ளைகளுக்கு ஸ்குவாஷ் சொல்லித் தருகிறேன், அதற்கு முன் பொறியியல் படித்தவன். ஆசிரியர் ஐயா விளக்கியதோடு ஆடுகளத்தின் பக்கமிருந்து சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

"மேலிருந்து பார்க்கும்போது" என்ற தொடரைக் கணக்கு எழுதியவர் காரணத்தோடுதான் போட்டிருக்கிறார். பந்தை ஈர்ப்புவிசை கீழே இழுக்கிறதே, அப்படியிருக்க நேர்கோடு எப்படி வரும் என்று சில மாணவர்கள் கேட்பார்கள். ஈர்ப்புவிசை செங்குத்தாக மட்டுமே இழுப்பதால், காற்றின் தடையை விட்டுவிட்டால், மேலிருந்து பார்ப்பவருக்குப் பாதை நேர்கோடாகவே தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் வளைவு தெரியும். ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைகிறோம் என்பதைப் படத்தின் மேலேயே எழுதிவிடுவது நல்லது. முன்சுவரின் மேற்கோடு 4.57 மீட்டர் உயரத்திலும், கீழே உள்ள தகரப் பட்டையின் மேல்விளிம்பு 0.48 மீட்டரிலும் இருக்கும்; இந்த எண்கள் கணக்கில் வந்தால் அது பக்கவாட்டுப் பார்வை என்று கொள்ளலாம். 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் வந்தால் அது மேற்பார்வை.

அடுத்து, இரண்டு சுவர்க் கணக்கு. பந்தை முதலில் பக்கச்சுவரில் அடித்து, அங்கிருந்து முன்சுவருக்குப் போகவிடும் அடியை ஆட்டக்காரர்கள் போஸ்ட் என்பார்கள். தேர்வுகளில் இது கடினமான கணக்காகக் கருதப்படுகிறது, ஆனால் பிரதிபலிப்பை இருமுறை செய்தால் முடிந்துவிடும். வலப்பக்கச் சுவரும் முன்சுவரும் சந்திக்கும் மூலையைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். ஆட்டக்காரர் வலச்சுவரிலிருந்து 2 மீட்டர், முன்சுவரிலிருந்து 6 மீட்டர், அதாவது (2, 6). பந்து சேரவேண்டிய இடம் வலச்சுவரிலிருந்து 4 மீட்டர், முன்சுவரிலிருந்து 2 மீட்டர், அதாவது (4, 2). இந்தப் புள்ளியை முன்சுவரில் பிரதிபலித்தால் (4, -2). அதை வலச்சுவரில் பிரதிபலித்தால் (-4, -2). இப்போது (2, 6)இலிருந்து (-4, -2)க்கு நேர்கோடு: குறுக்கே 6, நெடுக்கே 8, ஆகவே தூரம் 10 மீட்டர். மூன்று துண்டுகளாக மடங்கிய பாதையை ஒரே முக்கோணத்தில் அளந்துவிட்டோம். பந்து வலச்சுவரில் முன்சுவரிலிருந்து 3.33 மீட்டரிலும், பிறகு முன்சுவரில் வலச்சுவரிலிருந்து 2.5 மீட்டரிலும் படுகிறது. பந்து கடைசியில் செல்லும் திசை, அது முதலில் புறப்பட்ட திசைக்கு நேரெதிராகவும் இணையாகவும் இருப்பதைப் படத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். செங்கோண மூலை எதுவாயினும் இது மாறாது.

உங்கள் மகன் நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தது பற்றி ஒரு வார்த்தை. தாளில் உள்ள கணக்குக்கு அது தவறு, ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் உண்மையான ஸ்குவாஷ் பந்து சுவரில் மோதும்போது நசுங்கி ஆற்றலை இழக்கிறது. சுவரை நோக்கி வந்த வேகத்தில் ஒரு பகுதிதான் திரும்பும்போது எஞ்சும். அந்தப் பகுதி பந்தின் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால்தான் ஆட்டத்துக்கு முன் பந்தை அடித்துச் சூடாக்குகிறோம். உராய்வையும் சுழற்சியையும் ஒதுக்கிவிட்டு, சுவருக்குச் செங்குத்தான வேகம் 0.6 பங்காகக் குறைகிறது, சுவரை ஒட்டிய வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பந்து சுவரை விட்டு விலகும் விகிதமும் 0.6 மடங்காகும். பிரதிபலிப்புப் புள்ளியை 3 மீட்டரில் வைக்காமல் 3 ÷ 0.6 = 5 மீட்டரில் வைத்தால் அதே நேர்கோட்டு முறை வேலை செய்யும். முன்னால் 5, பின்னால் 5. ஆகவே பந்து படவேண்டிய இடம் சரியாக நடுவில், 2 மீட்டரில்! நேர்கோடு சுவரை வெட்டும் இடத்தை மட்டும் அதிலிருந்து எடுங்கள். தூரத்தை மடங்கிய பாதையில்தான் அளக்கவேண்டும், அது 8.99 வரும். ஸ்குவாஷ் ஆடும் பிள்ளையாக இருந்தால், கைப்பழக்கம் அவனை அங்கே இழுத்திருக்கக்கூடும். ஆனால் கணக்கில் "சம கோணம்" என்று எழுதியிருக்கும்வரை 8.94தான் விடை.

பினாங்கில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட் இந்த மண்ணின் மகள். அவர் பெயரிலேயே புக்கிட் டும்பாரில் ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற சிவசங்கரியின் ஆட்டப் பதிவுகளும் காணக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு போஸ்ட் அடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பந்து பட்ட இரு இடங்களையும் மகன் தாளில் குறிக்கட்டும். எதற்காக இந்தக் கணக்கு என்று அதன்பிறகு கேட்கமாட்டான்.


எழுதியவர்: பட்டர்வொர்த் கேரம் பிரியர்

ஸ்குவாஷ் ஆடுகளம் எல்லார் வீட்டுக்கும் அருகில் இராது. கேரம் பலகை இருந்தால் இதே கணக்கை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு, அதைப் பல பயிற்சி நூல்கள் விட்டுவிடுகின்றன.

பந்தையும் ஸ்ட்ரைக்கரையும் நாம் புள்ளியாக வரைகிறோம். போட்டிகளில் பயன்படும் ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். பலகையின் ஆடும் பரப்பு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் சதுரம். இவ்வளவு சிறிய பலகையில் அவ்வளவு பெரிய வட்டைப் புள்ளியாக எண்ண முடியாது. ஸ்ட்ரைக்கரின் விளிம்பு சட்டத்தைத் தொடும்போது அதன் மையம் சட்டத்திலிருந்து ஆரத்தின் அளவு, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், தள்ளியே நிற்கிறது. மையம் திரும்புவது சட்டத்தில் இல்லை, சட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் ஒரு கற்பனைக் கோட்டில். பிரதிபலிப்பை அந்தக் கோட்டில்தான் செய்யவேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஸ்ட்ரைக்கரின் மையம் எதிர்ச் சட்டத்திலிருந்து 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. சட்டத்தில் பட்டுத் திரும்பிக் காயைத் தொடும் நொடியில் மையம் சட்டத்திலிருந்து 22 சென்டிமீட்டரிலும், பக்கவாட்டில் 24 சென்டிமீட்டர் தள்ளியும் இருக்கவேண்டும். ஆரத்தை மறந்துவிட்டால் 42 + 22 = 64, ஆகவே படும் இடம் 24 × 42 ÷ 64 = 15.75, பாதை 68.35 சென்டிமீட்டர். ஆரத்தைச் சேர்த்தால் 40 + 20 = 60, படும் இடம் சரியாக 16, பாதை 64.62 சென்டிமீட்டர். குறி வைக்கும் இடத்தில் கால் சென்டிமீட்டர்தான் வேறுபாடு, பாதையின் நீளத்திலோ நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. கணக்கில் ஆரமோ விட்டமோ கொடுக்கப்பட்டிருந்தால் அது அலங்காரத்துக்குக் கொடுக்கப்பட்டதில்லை என்று மகனிடம் சொல்லிவையுங்கள்.


எழுதியவர்: ஆயர் ஈத்தாம் தாய், பினாங்கு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மகனை உட்காரவைத்து, தோழரைச் சுவருக்குப் பின்னால் வைக்கும் முறையைக் காட்டினேன். முதலில் "பின்னால்தான் யாரும் இல்லையே" என்றான். பிறகு தாளைச் சுவர்க்கோட்டில் மடித்து, ஆவின் மேல் பென்சில் முனையால் ஒரு துளை போட்டு விரித்துப் பார்த்தான். துளை விழுந்த இடமும் அளவுகோலால் குறித்த புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியதைக் கண்டதும் அவன் முகமே மாறிவிட்டது. 8.94ஐ அவனே மீண்டும் போட்டான்.

பயிற்றுநர் ஐயா கொடுத்த இரண்டு சுவர்க் கணக்கிலும் 10 மீட்டர் வந்துவிட்டது. அதில் அவனுக்கு ஓர் ஐயம். இரண்டு சுவரிலும் பிரதிபலித்துவிட்டோம், ஆனால் பந்து முதலில் எந்தச் சுவரில் பட்டது என்பதை எப்படி அறிவது? முன்சுவரில் முதலில் பிரதிபலித்ததால் பந்தும் முன்சுவரில்தானே முதலில் படவேண்டும் என்கிறான். மேலும், தேர்வில் இப்படிப் பிரதிபலிப்பைப் பயன்படுத்தினால் வழிமுறை மதிப்பெண் கிடைக்குமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


எழுதியவர்: செந்தூல் ஆசிரியர், கோலாலம்பூர் (பணி ஓய்வு)

தாளை மடித்துத் துளையிட்டுப் பார்த்தான் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். பிரதிபலிப்பு என்றால் என்ன என்பதற்கு அதைவிட நேரான நிரூபணம் அந்த வயதுக்குத் தேவையில்லை.

அவன் கேட்ட ஐயம் நல்ல ஐயம். செங்கோணத்தில் சந்திக்கும் இரு சுவர்களில் எதை முதலில் எடுத்துப் பிரதிபலித்தாலும் கடைசியில் கிடைக்கும் புள்ளி ஒன்றே: (4, 2) எப்படியும் (-4, -2) ஆகிவிடும். ஆகவே நாம் பிரதிபலித்த வரிசை, பந்து பட்ட வரிசையைச் சொல்லாது. அதைச் சொல்வது நேர்கோடு. ஆட்டக்காரரிடமிருந்து அளவுகோலை நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்தச் சுவரின் கோட்டை முதலில் கடக்கிறோமோ அந்தச் சுவரில்தான் பந்து முதலில் பட்டது. (2, 6)இலிருந்து (-4, -2)க்குச் செல்லும் கோடு வலச்சுவரை 3.33 மீட்டரில் கடக்கும்போது இன்னும் முன்சுவரைத் தாண்டவில்லை. எனவே பக்கச்சுவர் முதலில்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஆட்டக்காரர் (5, 2)இலும் சேரவேண்டிய இடம் (1, 6)இலும் இருக்கட்டும். இரட்டைப் பிரதிபலிப்பு (-1, -6). குறுக்கே 6, நெடுக்கே 8, தூரம் மறுபடியும் 10 மீட்டர். ஆனால் இம்முறை கோடு முதலில் முன்சுவரைக் கடக்கிறது, வலச்சுவரிலிருந்து 3.5 மீட்டரில்; அதன்பிறகே பந்து வலச்சுவருக்குச் சென்று, முன்சுவரிலிருந்து 4.67 மீட்டரில் படுகிறது. "பந்து முதலில் பக்கச்சுவரில் பட்டது" என்று கணக்கில் கூறியிருந்து, கோடு முன்சுவரை முதலில் கடந்தால், அந்த எண்களைக்கொண்டு அப்படி ஓர் அடி சாத்தியமில்லை என்று பொருள். எங்கோ ஒரு தூரத்தைத் தவறாக வாசித்திருக்கிறான். கோடு சரியாக மூலைப் புள்ளி வழியே சென்றால் மட்டும் முதலாவது, இரண்டாவது என்ற பேச்சே எழாது.

தேர்வைப் பற்றி. நான் விடைத்தாள் திருத்திய காலத்தில், பிரதிபலிப்பைப் படத்தில் தெளிவாகக் காட்டி, எந்தத் தூரம் எதற்குச் சமம் என்று ஒரு வரியில் எழுதிய மாணவருக்கு வழிமுறை மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் காரணம் இருந்ததில்லை. படம் மட்டும் வரைந்து, விளக்கமின்றி 8.94 என்று எழுதினால் சிக்கல் வரலாம். "சுவரைத் தொட்ட புள்ளியிலிருந்து ஆவுக்கு உள்ள தூரம், அதே புள்ளியிலிருந்து பிரதிபலிப்புக்கு உள்ள தூரத்துக்குச் சமம்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைத் தமிழில் அவன் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லட்டும், பிறகு பள்ளியில் பயன்படுத்தும் மொழியில் எழுதிப் பழகட்டும். கடைசி வரியில் படும் இடத்தின் விகிதங்களைச் சோதித்து, சமம் என்று காட்டிவிட்டால், திருத்துபவருக்கும் ஐயம் எழாது, பிள்ளைக்கும் தன் விடைமேல் நம்பிக்கை வரும்.

அடுத்த வாரத்துக்கு ஒரு பயிற்சி தருகிறேன். முதல் கணக்கின் எண்களையே வைத்துக்கொண்டு, பந்து முன்சுவரில் பட்டபின் வலப்பக்கச் சுவரிலும் பட்டு, பிறகுதான் தோழரை அடைகிறது என்று மாற்றிக்கொள்ளுங்கள். 6.4 மீட்டர் அகலத்தில் தோழர் வலச்சுவரிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதிலிருந்து தொடங்கினால் போதும். தூரம் 10.2 மீட்டருக்குச் சற்று மேல் வரவேண்டும். வந்ததும் படத்தையும் சேர்த்து இங்கே பதிவிடச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.